கரைவலைப் பங்கும் வருமான வரிப் படிவமும்

மன்னாருக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சோற்றுத் தட்டின் முன்னால்தான் வந்தது. கொழும்பில் எங்கள் மாணவர் விடுதியின் சாப்பாட்டு அறை. எதிரே இருந்த மனுவேல் ஊரிலிருந்து வந்த கடிதத்தை இடது கையில் பிடித்துப் படித்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் வலது கை நின்றுவிட்டது.

"மாமா கரைவலையிலை கை வைக்கிற சனத்துக்குப் பங்கு குடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டாராம்," என்றான். "வருமான வரிக் கந்தோரிலையிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கு. அதிலை உன்ரை பேர் கிடக்காம்."

இது என் கைவேலைதான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து யூனிவர்சிட்டிப் படிப்பில் பொருளாதாரம் எடுத்திருக்கிறேன். இலங்கையில் வருமான வரி வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவன், வீட்டிலிருந்து மாதப் பணம் வருகிறது, போதாததற்கு ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் வேறு சொல்லிக் கொடுக்கிறான் என்று எப்படியோ தெரிந்து எனக்கும் ஒரு படிவம் வந்தது. மலாயாவிலிருந்து வந்த பக்கத்து அறை நண்பன் தனக்கு வந்ததைப் பெட்டிக்கு அடியில் விரித்துப் போட்டான். கள்ளிக்கோட்டைக்காரன் ஒருவன் எல்லா இடத்திலும் 'இல்லை' என்று எழுதி அனுப்பினான். எனக்கோ, தீபாவளிக்குப் புது வேட்டி வந்தது போல இருந்தது. உட்கார்ந்து நான்கு நாள் நிரப்பினேன்.

வருமானம் என்றால் காசு மட்டும் இல்லை, உழவன் தன் வயல் நெல்லைத் தானே உண்டால் அதுவும் வருமானம்தான் என்று எங்கள் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். முந்தின விடுமுறையில் புயலால் கப்பல் ஓடாமல் நான் ஊருக்குப் போக முடியாதபோது, மனுவேல் என்னைத் தன் மாமா வஸ்தியான் சம்மாட்டியாரின் வாடிக்குக் கூட்டிப் போயிருந்தான். வாடி என்பது மீன் பருவத்துக்குக் கடற்கரையில் போடுகிற ஓலைக் குடிசைகள். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். அங்கே பத்தொன்பது நாள் நானும் கயிறு இழுத்தேன். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு பங்கு மீன் கிடைத்தது. நேர்மையாக எழுத வேண்டாமா? எழுதினேன். 'மன்னார்க் கரைவலை ஒன்றில் பங்கு' என்று, சம்மாட்டியாரின் பேர், ஊரோடு, மீனுக்கு ஒரு உத்தேச விலையும் போட்டு.

கந்தோர் என்கிற அந்த ஆபீஸில் இருந்தவரும் என்னைப் போலவே ஒரு நேர்மைக்காரர் போலும். 'பங்கு' என்பதைக் கண்டதும் இது கூட்டு வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு, உமது கூட்டாளிகள் யார் யார், அவரவர் பங்கு எவ்வளவு என்று சம்மாட்டியாருக்கு எழுதிவிட்டார்.

மனுவேலுக்குப் பரீட்சை. வர முடியாது. கோபப்படவும் இல்லை. "எழுதினது நீதானே. நீயே போய்ச் சொல்லு," என்றான். விடுதிக் காப்பாளரிடம் திருக்கேதீஸ்வர தரிசனத்துக்குப் போகிறேன் என்று சொல்லி விடுப்பு வாங்கினேன். பாடல் பெற்ற தலத்தைச் சொன்னால் அவர் மறுப்பதில்லை.

முதல் நாள் காலை மன்னார் ஸ்டேஷனில் இறங்கினேன். போன தடவை இறங்கியது இருட்டில். எங்கள் ஊரில் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மலை. இங்கே ஒரு கழுதை. அதன் பின்னால் இன்னும் ஆறு கழுதைகள். யாருடையவை என்று ஒருவரைக் கேட்டேன். "அது தங்கடை பாட்டிலை திரியுதுகள்," என்றார், தம் போக்கில் திரிகின்றன என்று.

ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு தேநீர்க் கடை. புட்டும் மீன் குழம்பும் வந்தன. புட்டை எங்கள் பக்கம் சர்க்கரை போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே மீன் குழம்பை அதன் தலையில் ஊற்றி, மேலே வெள்ளையாக ஒரு சொதியும் விட்டார்கள். மீன் சாப்பிடக் கற்றுக்கொண்டது கொழும்பில். அம்மா இந்தப் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிறகு பால் விடாத தேநீரும், உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியும். வாடியில் தேநீர் சீனி கலந்தே வரும்; நான் பனங்கட்டியையும் தேநீரில் போட்டுக் கலக்கினேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்து, "கடிச்சுக் கடிச்சுக் குடியுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

சம்மாட்டியாரின் ஊரான பள்ளிமுனை பக்கத்தில்தான். நடந்தே போனேன். மாதா கோயிலைச் சுற்றி வீடுகள், வேலிக்கு வேலி காய்கிற வலை, காற்றெல்லாம் கருவாடு. போன தடவை சம்மாட்டியாரின் மனைவி (மனுவேலைப் பார்த்து நானும் மாமி என்றே கூப்பிடுவேன்) வாசலிலேயே என் கையிலிருந்த பெட்டியைப் பறித்து உள்ளே கொண்டுபோனவர். இந்த முறை ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பெட்டி என் காலடியிலேயே இருந்தது.

கடிதத்தைக் கேட்டேன். அலுமாரியைத் திறந்து, திருநாளுக்குக் கட்டுகிற சேலைகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்தார். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். இங்கிலீஷில் நாலே வரி. எனக்கு அது ஒரு சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது. ஆனால் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டியவர் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். பங்கு வாங்குகிறவன் எவனும் சட்டப்படி கூட்டாளி, கூட்டாளி நினைத்தால் வழக்குப் போட்டு வலையை விற்கவும் செய்யலாம், இனிமேல் கண்டவனுக்கும் பங்கு கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் அதையெல்லாம் விளக்க வாயைத் திறந்தேன். மாமி முந்திக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நாங்கள் உங்களுக்கு மீன் தந்தனாங்கள். நீங்கள் வலையைக் கேக்கிறியளோ?"

இல்லை மாமி, இல்லை மாமி என்று நான்கு தடவை சொல்லியிருப்பேன். அவர் கடிதத்தை வாங்கி மறுபடியும் துணியில் சுற்றினார். பிறகு, சம்மாட்டியார் அரிப்பு என்ற ஊருக்குத் தெற்கே வாடியில் இருக்கிறார், நாளைக்குக் கோட்டைத் துறையிலிருந்து முசலிப் பக்கம் ஒரு வள்ளம் போகிறது, போவதானால் இதையும் கொண்டுபோய்க் கொடுங்கோ என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். பெட்டி அப்போது உள்ளே போயிருந்தது. நான் கவனிக்கவில்லை, யார் எடுத்துப் போனார்களோ தெரியாது.

இரண்டாம் நாள் வள்ளம். வள்ளக்காரர் ஹனிபா நானா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்) முசலிக்காரர், வயலும் வைத்திருக்கிறார். வேளாண்மை முடிந்த காலத்தில் வள்ளத்தில் சாமான் ஏற்றுவார். அன்று ஆறு மூட்டை மாவு, ஒரு தையல் மெஷின், நான். காற்று நன்றாக இருந்தது. வங்காலை என்ற ஊருக்கு நேரே வரும்போது தண்ணீர் வற்றி, வள்ளம் சேற்றில் குந்திவிட்டது. கரை கண்ணுக்குத் தெரிகிறது. நடந்தால் இடுப்புவரை இறங்கும். தண்ணீர் ஏறும்வரை இருக்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் ரயில் அரைமணி நேரம் பிந்தினால் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி ஒரு சபையே கூடிவிடும். ஹனிபா நானா துணியை விரித்து மத்தியானத்து லுஹர் தொழுதார். பிறகு அவித்த பனங்கிழங்கை எடுத்து இரண்டாகக் கிழித்து, நாரை உரித்து எனக்கொன்று கொடுத்தார். நாரோடு நான் மெல்லுகிறேனா என்று பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். எங்கே போகிறீர்கள்? வஸ்தியான் சம்மாட்டியார் வாடிக்கு. அந்தப் பேரைச் சொன்னதும் அவர் கதை மாறியது.

ஓய்ந்திருக்கும் நாட்களில் அவரும் அந்தக் கரைவலைக்குப் போய்க் கயிறு பிடிக்கிறவராம். நான் இருந்த நாட்களில் அவருக்கு வயல் வேலை போலும். வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வரும், இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு வரிசையாகச் சனம் இழுக்கும். சம்மாட்டியாரின் ஆட்கள் மட்டும் இழுப்பதில்லை. வழியில் போகிறவர், வருகிறவர், முடியாத கிழவர், யாரும் வந்து பிடிக்கலாம். வலையின் மடி, அதாவது மீன் சேர்கிற நடுப் பை, கரைக்கு வருவதற்கு முன்னால் கை வைத்திருந்தால் அவருக்கு ஒரு பங்கு. கோயிலுக்கு ஒரு பங்கு. மதம், சாதி ஒன்றும் பார்ப்பதில்லை.

"வாப்பா காலத்திலையிருந்து நடக்கிறது," என்றார். "இப்ப இல்லை. ஆரோ ஒரு இந்தியாப் பெடியன், படிச்சவனாம், வந்து மீனையும் திண்டுபோட்டு, வலையிலை எனக்குப் பங்கிருக்கெண்டு அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டானாம். பாவம் சம்மாட்டியார். பயந்துபோனார்."

சேற்றில் ஒரு கொக்கு நடந்து போனது. ஓடவும் இடமில்லை, முகத்தை ஒளிக்கவும் இடமில்லை.

"அது நான்தான் நானா," என்றேன்.

அவர் கிழங்கை மென்று முடித்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். வள்ளத்தின் விளிம்பைத் தொட்டுத் தண்ணீரைப் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது.

"அப்ப இறங்கித் தள்ளுங்கோ," என்றார்.

இறங்கித் தள்ளினேன். என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை வாடியில் விழித்தேன். வஸ்தியான் சம்மாட்டியார் நெடுநெடுவென்று வளர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். முந்தின மாலை நான் சேறும் சகதியுமாக வந்து நின்றபோது மாமியின் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார், குளிக்க நல்ல தண்ணீர் கொடுக்கச் சொன்னார், படுக்கப் பாய் கொடுத்தார். எதற்காக வந்தேன் என்று கேட்கவில்லை. அது எனக்கு ஏச்சைவிடக் கனமாக இருந்தது.

காலையில் வலை இழுத்தார்கள். கயிற்றில் பருவத்துக்கு அமர்த்திய ஆட்கள் மட்டும். போன தடவை அதே கயிற்றில் தோளோடு தோள் இடிக்கும். பாட்டு இருந்தது, கேலி இருந்தது. எனக்குப் பின்னால் நின்று இழுத்த திரேசம்மா அக்கா, "தம்பி கயித்தை இழுக்கிறாரோ, கயிறு தம்பியை இழுக்குதோ?" என்று கேட்டுச் சுற்றி நின்றவர்களைச் சிரிக்க வைப்பார். கணவர் கடலில் இறந்துபோனவர். இரண்டு பெண் பிள்ளைகள். பனையோலைக் கடகத்தில் வாங்கிப் போகிற அந்தப் பங்கு மீனைக் கருவாடாக்கி விற்றுத்தான் வீடு நடக்கிறது. இப்போது அவர் கயிற்றுக்கு எட்டத்தில், மணலில் நின்றார். கடகம் இடுப்பில். அவரோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தாங்களாகவே நிற்கிறார்கள். மீனைப் பங்கிட்டு முடித்ததும் திரும்பிப் போனார்கள்.

"எத்தனை நாளாக இப்படி வருகிறார்கள்?" என்று ஓர் ஆளைக் கேட்டேன்.

"கடிதம் வந்த நாளிலையிருந்து. ஒவ்வொரு நாளும்."

மத்தியானம் நானே பேச்சை ஆரம்பித்தேன். கந்தோருக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதிவிடலாம், நான் தப்பாக எழுதினேன் என்று. ஆனால் அது பங்கு இல்லையென்றால் பிறகு என்ன என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு பேர் வேண்டும். திரேசம்மா அக்காவையும் கூப்பிட்டு அனுப்பினார் சம்மாட்டியார். ஹனிபா நானாவும் மாவு மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தர்மம் என்று எழுதிவிடலாமே என்றேன். சம்மாட்டியார் யோசித்தார். திரேசம்மா யோசிக்கவில்லை. "நான் ஒரு நாளும் பிச்சைக்கு வரேல்லைத் தம்பி," என்றார். "கை வைச்சனான். வாங்கினனான்."

சரி, கூலி என்று எழுதலாம். இப்போது சம்மாட்டியார் தலையாட்டினார், இல்லை என்று. கூலி என்றால் மீன் படாத நாளிலும் கொடுக்க வேண்டும், அதுதான் கூலி. வெறும் மடி வந்தால் கயிறு பிடித்தவர்களும் வெறுங்கையோடு போவார்கள், அவரும் வெறுங்கையோடு போவார். அவர்களை எப்படிக் கூலிக்காரர் என்று எழுதுவது?

கோயிலில் கொடுத்துக் கோயில் மூலம் கொடுத்தால்? அது சுவாமியார், அதாவது மாதா கோயில் பாதிரியார், சொல்லியனுப்பிய யோசனையாம். அதற்கும் திரேசம்மாதான் பதில் சொன்னார். கோயில் பங்கு கோயிலுக்கு. என் பங்கை ஏன் நான் சுவாமியிடம் போய் வாங்க வேண்டும்?

இரண்டு பேரும் எனக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக அடைத்தார்கள். எழுதியதை எழுதியபடியே விட்டுவிட்டு, வலையில் எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் போட்டுக் கையெழுத்து வாங்கலாம் என்று கடைசியாகச் சொன்னேன். சம்மாட்டியார் ஒரு கேள்வி கேட்டார்.

"நான் கையெழுத்துப் போடுறன். நீங்கள் அனுப்பினால், சரியெண்டு மறுமொழி வருமோ?"

வரும் என்று சொல்ல ஆசை. தெரியாது என்று சொன்னேன். எப்போது வரும்? இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகலாம். பருவம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப மறுமொழி வரட்டும்," என்று சம்மாட்டியார் எழுந்துபோனார். இந்த வலை அவருடைய தகப்பன் தன் கையாலேயே முடிந்த வலை, அது போனால் நாற்பது சீவன் போகும் என்று ஹனிபா நானா எனக்கு மெதுவாகச் சொன்னார். அந்தப் பயத்தை அற்பம் என்று நினைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. பயத்தை அங்கே கொண்டுவந்து போட்டவன் நான்.

அன்று பின்னேரம் கடற்கரையில் நடந்தேன். முசலிப் பக்கத்துக் குதிரைவாலிச் சோறும் பாரை மீன் தீயலும் சாப்பிடக் கொடுத்தார்கள். நான் தின்றதில்லை, ஆனால் தாமிரபரணி மீனுக்கு இந்த உறைப்பும் புளியும் வைத்தால் அது தாங்காது என்று தோன்றியது. இது தாங்குகிறது. அதை ரசித்துச் சாப்பிட முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நான்காம் நாள். வலை விட்டார்கள். நான் கயிற்றுக்குப் போகவில்லை. எனக்கு அங்கே என்ன முகம்? மணலில் நின்ற கூட்டத்தோடு போய் நின்றேன். கயிறு ஏறிக்கொண்டிருந்தது. மிதவைகள் கிட்ட வந்தன. இன்னும் பத்துப் பாகம் கயிறுதான் இருக்கும், மடி வந்துவிடும்.

திரேசம்மா அக்கா கடகத்தை மணலில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். நேரே நடந்துபோய்க் கயிற்றில் கை வைத்தார்.

ஆட்கள் இழுப்பதை நிறுத்திச் சம்மாட்டியாரைப் பார்த்தார்கள்.

"இழுங்கோ," என்றார் திரேசம்மா அவர்களிடம். பிறகு சம்மாட்டியார் பக்கம் திரும்பி, "எனக்குப் பங்கு வேண்டாம் அண்ணை. ஆரும் என்னைக் கூட்டாளியெண்டு எழுதத் தேவையில்லை. கை மட்டும் வைக்கிறன். வைக்கக் கூடாதெண்டு கடிதத்திலை இருக்கோ?"

இருக்கவில்லை. எனக்கு அது மனப்பாடம்.

அதற்குப் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பங்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறாரே, சம்மாட்டியாருக்கு நிம்மதிதானே என்று நினைத்தேன். அவர் முகமோ கறுத்துவிட்டது. கயிற்றில் கை வைத்த ஒருவரை வெறும் கடகத்தோடு திருப்பி அனுப்பியது என்பது அந்தக் கரையில் எந்த வலைக்கும் நேர்ந்ததில்லை. எட்டத்தில் நிற்கிறவருக்குக் கொடுக்காமல் இருக்கலாம், அது வேறு. கை வைத்தவருக்குக் கொடுக்காவிட்டால் அந்த வலையைப் பற்றி மன்னார்த் தீவு முழுக்கப் பேசும். அவருக்கு முன்னால் இப்போது இரண்டு பயம். ஒன்று கொழும்பில் இருக்கிறது. மற்றது எட்டு முழத் தூரத்தில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது.

ஹனிபா நானா சாரத்தை மடித்துக் கட்டினார். போகிற போக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒரு ஆள் கூட்டாளியெண்டால்தான் வலையை விக்கலாம் சம்மாட்டியார். இந்தக் கரையிலை நிக்கிற எல்லாரும் கூட்டாளியெண்டால், ஆர் ஆருக்கு விக்கிறது?"

அவரும் கை வைத்தார். பிறகு ஒரு கிழவர். பிறகு மணலில் நின்றவர்கள் எல்லாரும். கடைசியில் நானும் ஓடிப்போய்க் கயிற்றின் வாலில் எட்டிப் பிடித்தேன். மிதவை கரையைத் தொடுகிற நேரத்தில், மற்ற வரிசையில் ஆள் குறைவு என்று கண்ட சம்மாட்டியார், தானே போய் அந்தக் கயிற்றைப் பிடித்தார்.

மடியில் பெரிதாக ஒன்றும் இல்லை. சாளையும் கொஞ்சம் சூடையும், ஒரு திருக்கை. குவியல்கள் வைத்தார்கள். திரேசம்மாவின் கடகத்தில் சம்மாட்டியார் தன் கையாலேயே அள்ளிப் போட்டார். "வேண்டாமெண்டனீ," என்றார். "நான் வேண்டாமெண்டனான். நீங்கள் தாறியள்," என்றார் அவர். என் முறை வந்தது. எனக்குக் கிடைக்காது என்றே நினைத்தேன். ஒரு கை சாளை விழுந்தது.

"இதையும் எழுதுவியளோ?" என்று கேட்டார் சம்மாட்டியார்.

இரண்டு கையிலும் சாளையை ஏந்திக்கொண்டேன்; அவரே தொடர்ந்தார்.

"எழுதுங்கோ. ஆனால் அரைகுறையா எழுதாதையுங்கோ. உங்கடை பேரை மட்டும் எழுதினதாலைதான் இந்த வில்லங்கம். கூட்டாளியள் ஆரெண்டு கேட்டிருக்கினம் தானே? எல்லாற்றையும் எழுதுங்கோ."

மாவு மூட்டை ஒன்றை மேசையாக்கி உட்கார்ந்து எழுதினேன். முப்பத்து நான்கு பேர். கந்தோர்க் கடிதத்தில் பேர், விலாசம், பங்கு என்று மூன்றும் கேட்டிருந்தது. விலாசம் பலருக்கு இல்லை. 'வாடிக்குப் பின்னால்' என்றும், 'சந்தைக்குப் போகிற வழியில் வந்தவர்' என்றும் எழுதினேன். பங்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, அன்றைக்குப் படுகிற மீனைப் பொறுத்தது என்றார்கள், அப்படியே போட்டேன். மாதா கோயில் உபதேசியார் ஒருவரும் பட்டியலில் இருந்தார். மாட்டு வியாபாரத்துக்கு வந்து வேடிக்கை பார்க்க நின்ற ஒருவர், தன் பேரையும் போடவேண்டும் என்று அடம்பிடித்தார். கை வைத்ததற்கு இரண்டு சாட்சி சொன்ன பிறகுதான் சேர்த்தோம். என் பேர் முப்பத்து மூன்றாவதாக வந்தது, பிந்தி ஓடி வந்தவன் என்பதால். தன் பேரைக் கடைசியில் போடச் சொல்லி, அதன் பக்கத்தில் சம்மாட்டியார் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நான், இந்த வலையிலோ கயிற்றிலோ எனக்கு ஒரு முழம்கூடச் சொந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

விதானையார் சொன்ன சட்டம் சரியா தவறா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஹனிபா நானா சொன்னது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது என்று மட்டும் ஓரளவு நிச்சயம். மறுமொழி மோசமாக வந்தால் சம்மாட்டியார் மறுபடியும் நிறுத்தக்கூடும். அவரே அப்படிச் சொன்னார், ஒளிக்கவில்லை. அதுவரை, நாளைக்கும் மறுநாளும் கயிறு எல்லாருக்கும் கயிறுதான் என்றார்.

இதை ரயிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மடு ரோட் தாண்டிவிட்டது. திருக்கேதீஸ்வரத்தை இந்த முறையும் ரயில் ஜன்னல் வழியாகத் திசை பார்த்துக் கும்பிட்டதோடு சரி.

திங்கட்கிழமை காலை கந்தோர் திறக்கும்போது வாசலில் நிற்பேன். தபாலில் போடப் போவதில்லை. தபாலில் போட்டதன் பலனைப் பார்த்துவிட்டேன். அந்த அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும். ஒற்றைச் செருப்போடு ஒரு மாணவனை உள்ளே விடுவார்களா தெரியாது, அதற்குள் புதிது வாங்கிவிடுவேன். கூட்டா, கூலியா, தர்மமா என்று அவர் கேட்பார். மூன்றும் இல்லை என்று ஆரம்பிக்கப் போகிறேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று பொல்காவலை ஸ்டேஷன் வருவதற்குள் யோசித்து முடிக்க வேண்டும். யோசனை ஒன்றும் வராவிட்டால், பட்டியலை அவர் முன்னால் வைத்து மேலிருந்து உரக்கப் படிக்கச் சொல்வேன். பேர்களைச் சம்மாட்டியார்தான் வரிசை சொன்னார், யார் முதலில் என்று நான் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

முதல் பேர் திரேசம்மா.